கடல் கடக்கும் கோப்புகள்: யாழ்ப்பாணத் தீவகத்தில் முதியோர் சேவைகளின் ஒருங்கிணைப்பு

1. வினாவும் சொற்பொருளும்

இலங்கையில் முதியோர் நலன் குறித்த எழுத்துகள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைச் சுற்றியே வளர்ந்துள்ளன. முதியோர் தொகை எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்பது முதலாவது. அவர்களுக்கு அரசு வழங்கும் கொடுப்பனவு போதுமா என்பது இரண்டாவது. இரண்டுமே கேட்கப்பட வேண்டியவை. 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் பங்கு, 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் நூற்றுக்கு 7.9 ஆக இருந்து, 2024ஆம் ஆண்டு மதிப்பீட்டில் 12.6 ஆக உயர்ந்துள்ளது. பன்னிரண்டே ஆண்டுகளில் நிகழ்ந்த இம்மாற்றம் எந்த நிருவாகத்தையும் நிலைகுலையச் செய்யக்கூடியது. ஆயினும் இவ்விரு கேள்விகளுக்கும் நடுவே அதிகம் ஆராயப்படாத மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. முதியவர் ஒருவருக்குப் பணம் கொடுக்கும் அலுவலகமும், மருந்து கொடுக்கும் வைத்தியசாலையும், வீதி அமைக்கும் உள்ளூராட்சி மன்றமும், உணவு கொடுக்கும் கோயிலும் அந்த ஒரே ஆளைப் பற்றித் தமக்குள் எவ்வளவு அறிந்து வைத்திருக்கின்றன என்பதே அக்கேள்வி.

இக்கட்டுரை அக்கேள்வியை யாழ்ப்பாணத் தீவகத்தில் வைத்து ஆராய்கிறது. ‘ஒருங்கிணைப்பு’ என்னும் சொல் இங்கு இரு பொருள்களில் பிரித்தாளப்படுகிறது. நிறுவனங்களின் பிரதிநிதிகள் ஒரு மேசையில் கூடித் திட்டங்களைப் பகிர்ந்துகொள்வது நிறுவனமட்ட ஒருங்கிணைப்பு. குறித்த ஒரு முதியவருக்கு இன்ன தேவைகள் உள்ளன, அவற்றுள் இன்னது கிடைத்தது, இன்னது கிடைக்கவில்லை, அதற்குப் பொறுப்பானவர் இவர் என்று தெரிந்திருப்பது ஆள்மட்ட ஒருங்கிணைப்பு. முன்னதற்கு இலங்கைச் சட்டமும் நிருவாகமும் இடம் வகுத்துள்ளன, பின்னதற்கு வகுக்கவில்லை. பெருநிலத்தில் இந்த இடைவெளியை ஒரு பஸ் பயணம் ஓரளவு மூடிவிடக்கூடும். தீவில் அது ஒவ்வொரு முறையும் கடற்பயணமாக மாறுகிறது.

2. தீவகம் என்னும் நிருவாகப் பரப்பு

தீவகம் என்று ஒரே பெயரால் சுட்டப்படும் பரப்பு நிருவாகத்தில் ஒன்றல்ல. யாழ்ப்பாண மாவட்டத்தின் பதினைந்து பிரதேச செயலகப் பிரிவுகளுள் நான்கு இங்கு அமைகின்றன: ஊர்காவற்றுறையை மையமாகக் கொண்ட தீவகம் வடக்கு, வேலணையை மையமாகக் கொண்ட தீவகம் தெற்கு, நெடுந்தீவு, காரைநகர். நயினாதீவும் புங்குடுதீவும் மண்டைதீவும் வேலணைச் செயலகத்தின் கீழ் வருகின்றன. அனலைதீவும் எழுவைதீவும் ஊர்காவற்றுறையின் கீழ் வருகின்றன. உள்ளூராட்சியிலும் இவற்றுக்கு இணையான நான்கு பிரதேச சபைகள் உள்ளன.

இவற்றுள் பண்ணைத் தாம்போதியாலும் வாணர் தாம்போதியாலும் பொன்னாலைத் தாம்போதியாலும் தரைவழி இணைக்கப்பட்ட தீவுகள் ஒரு வகை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகிய கடல்வழித் தீவுகள் மற்றொரு வகை. முதியோர் சேவையைப் பொறுத்தவரை மாவட்ட எல்லையையும் பிரிவு எல்லையையும் விட இந்தப் பிரிவினையே பெரிது. நயினாதீவுவாசி ஒருவர் தமது பிரதேச செயலகத்துக்குச் செல்வதற்கே படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, புங்குடுதீவைக் கடந்து வேலணைக்குப் போகவேண்டியிருக்கிறது. நெடுந்தீவுவாசிக்குச் செயலகம் சொந்தத் தீவிலேயே இருக்கிறது. ஆனால் மாவட்டச் செயலகத்துக்கோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ செல்வதென்றால், ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடற்பயணமும் அதன்பின் நீண்ட பஸ் பயணமும் அவருக்குக் காத்திருக்கின்றன. காற்றும் கடலும் இடங்கொடுக்காத பருவங்களில் இந்தக் கணக்கும் பொய்த்துவிடும்.

மக்கள் வாழ்வின் வரலாறும் இப்பரப்பின் முதுமையை வேறாக்கியுள்ளது. தென்னிலங்கை நகரங்களில் கடை வைத்துப் பிழைத்த ஆண்களைக் கொண்ட குடும்பங்கள் தீவகத்தில் தலைமுறைகளாக உண்டு. தலைவன் கொழும்பிலும் குடும்பம் ஊரிலும் வாழும் வழக்கம் போருக்கு முன்பே பழகிப்போன ஒன்று. 1985 மே 15ஆம் திகதி குமுதினிப் படகில் நடந்த படுகொலை, 1990, 1991ஆம் ஆண்டுகளின் படை நடவடிக்கைகள், அவற்றைத் தொடர்ந்த பேரிடப்பெயர்வு ஆகியவற்றின் பின், புங்குடுதீவு, வேலணை, காரைநகர் முதலிய ஊர்களின் இளைய தலைமுறை கனடாவுக்கும் பிரான்சுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் பிரித்தானியாவுக்கும் பரந்துவிட்டது. வடக்கில் 1981க்குப் பின் முழுமையான குடிசன மதிப்பீடு 2012இலேயே நடைபெற்றது என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். எந்த ஆண்டுகளில் இம்மக்களின் குடும்ப அமைப்பு முற்றாக மாறியதோ அந்த ஆண்டுகளில் அவர்களைப் பற்றிய எண்கள் அரசின் கையில் இருக்கவில்லை.

3. சட்டம் வகுத்த ஏணி

முதியோருக்கென இலங்கையில் தனிச்சட்டம் இயற்றப்பட்டது 2000ஆம் ஆண்டில். அவ்வாண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் முதியோருக்கான தேசியப் பேரவையையும் அதன் செயலாற்றும் கரமான தேசியச் செயலகத்தையும் தோற்றுவித்தது. 2011இல் அது திருத்தப்பட்டது. 60 வயது நிரம்பியவரை முதியவர் என வரையறுத்து, அவருக்கு அடையாள அட்டை வழங்கவும், பிள்ளைகளால் கைவிடப்பட்டவர் பராமரிப்புச் செலவு கோரி முறையிடக்கூடிய பராமரிப்புச் சபையை நிறுவவும் அச்சட்டம் வழிசெய்தது. இதன் தொடர்ச்சியாகக் கிராமம், பிரதேசம், மாவட்டம், மாகாணம், தேசியம் என ஐந்து படிகளில் முதியோர் சங்கங்களும் குழுக்களும் அமைக்கப்பட்டன. பிரதேச செயலகங்களில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் என்னும் பதவியும் உருவானது.

இந்த ஏணியின் சிறப்பை மறுப்பதற்கில்லை. கிராமத்து முதியவர் ஒருவரின் குரல் தேசியப் பேரவைவரை ஏறிச்செல்லத் தாளிலாவது வழி இருக்கிறது. தெற்காசியாவில் இது எல்லா நாடுகளிலும் காணக்கூடியதன்று. எனினும் இந்த ஏணி பிரதிநிதித்துவத்துக்காகக் கட்டப்பட்டது, பராமரிப்புக்காக அன்று. சங்கத்தின் கூட்டத்துக்கு வரக்கூடிய முதியவர் நடக்க இயன்றவர், பேச இயன்றவர். படுக்கையில் இருப்பவரும் மறதிநோய் பிடித்தவரும் காது கேளாதவரும் சங்கத்தின் இடாப்பில் பெயர்களாக இருக்கலாம். கூட்டக் குறிப்பில் அவர்கள் இல்லை. ஒக்டோபர் 1ஆம் திகதி சிறுவர் தினத்தோடு சேர்த்து முதியோர் தினம் கொண்டாடப்படும்போது மாலையும் பொன்னாடையும் பெறுபவர்களும் மண்டபத்துக்கு வர முடிந்தவர்களே.

பராமரிப்புச் சபையின் நிலையும் தீவகத்தில் சிக்கலானது. பிள்ளையின் கடமையைச் சட்டமாக்கிய அவ்வேற்பாடு, பிள்ளை நாட்டுக்குள்ளே இருக்கிறார் என்னும் அனுமானத்தின் மீது நிற்கிறது. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் பாரிசிலும் வாழும் ஒரு தாயிடம் இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசுவதில் பெரும் பயனில்லை. மேலும், அத்தாய்க்குப் பணம் வந்துகொண்டிருக்கலாம். இரவில் தண்ணீர் எடுத்துக் கொடுக்கத்தான் ஆளில்லாதிருக்கலாம். அது எந்தச் சபையிலும் வழக்காக முடியாத குறை.

4. ஒரே கூரை, பல எசமானர்கள்

உள்ளூரில் முதியவரைத் தொடும் அலுவலர்கள் யார் யார் என்று பார்த்தால் இந்நிருவாகத்தின் தனித்தன்மை புலப்படும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் சமூக சேவையை மாகாணங்களின் அதிகாரப் பட்டியலில் வைத்தது. ஆகவே, ‘பிச்சைச் சம்பளம்’ என்று ஊரில் வழங்கும் பொதுசன மாதாந்த உதவிப்பணம் மாகாணச் சமூக சேவைத் திணைக்களத்தின் பொறுப்பு. அதைக் கையாளும் சமூக சேவை உத்தியோகத்தர் மாகாணத்தின் ஆள். முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் மத்திய அமைச்சின் ஆள். ‘விதானையார்’ என இன்றும் அழைக்கப்படும் கிராம அலுவலர் வேறோர் அமைச்சின் கீழ் வருபவர். சமுர்த்தி அபிவிருத்தி உத்தியோகத்தர் இன்னொரு திணைக்களத்தைச் சேர்ந்தவர். 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம் பிரதேச செயலாளரிடம் அதிகாரங்களைக் கையளித்த பின், இவர்களிற் பலர் ஒரே செயலகக் கட்டடத்தில் அமர்ந்திருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொருவரும் தத்தம் தலைமைக்குத் தத்தம் படிவத்தில் அறிக்கை அனுப்புகிறார்கள். இக்கட்டடத்துக்கு வெளியே சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனை தனிநிருவாகமாகவும், பிரதேச சபை மற்றொரு தனிநிருவாகமாகவும் இயங்குகின்றன.

இக்கட்டமைப்பில் ஒருங்கிணைப்பு அறவே நடைபெறுவதில்லை என்று சொல்வது தவறு. அது நாள்தோறும் நடைபெறுகிறது. ஆனால் கோப்பில் அன்று, வாய்மொழியில். ஒரு மேசைக்காரர் அடுத்த மேசைக்காரரிடம், இன்ன வீட்டு ஆச்சி தனித்திருக்கிறார், உங்கள் பட்டியலில் அவர் இருக்கிறாரா என்று கேட்கும் ஒரு கேள்வி, பல குழுக்கூட்டங்கள் செய்யாததைச் செய்துவிடுகிறது. தீவு சிறிது, அலுவலர் மக்களை முகம் தெரிந்தவர், மக்கள் அலுவலரைப் பெயர் தெரிந்தவர் என்பதெல்லாம் இதற்குத் துணை. ஆனால் இந்த அறிவு மனிதரோடு வருகிறது, மனிதரோடு போகிறது. கடல்வழித் தீவில் பணிபுரிவது பல அரச ஊழியருக்குக் குறித்த காலம் கழித்துக் கடந்துபோகும் கட்டமாகவே அமைகிறது. இடமாற்றம் கிடைத்த நாளில், எழுதிவைக்கப்படாத அந்த அறிவும் படகேறிவிடுகிறது.

கொடுப்பனவுகளின் வரலாறு இதே பிளவைக் காட்டுகிறது. 70 வயதுக்கு மேற்பட்ட குறைந்த வருமான முதியோருக்கான உதவித்தொகை நீண்டகாலம் மாதம் 2,000 ரூபாயாக அஞ்சலகங்கள் வழியே வழங்கப்பட்டது. 2024இல் 3,000 ரூபாயாகவும் 2025இல் 5,000 ரூபாயாகவும் உயர்ந்தது. 2023 யூலையில் தொடங்கிய ‘அஸ்வெசும’ நலன்புரித் திட்டம், 22 சுட்டிகளைக் கொண்டு குடும்பங்களின் வறுமையை அளவிட்டுத் தெரிவுசெய்கிறது. குடும்பத்தை அலகாகக் கொண்டு வீடு, சொத்து முதலியவற்றை எண்ணும் இம்முறை, தீவகத்தின் ஓர் இயல்பான நிலைமையோடு மோதுகிறது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குச் சொந்தமான பெரிய கல்வீட்டில் காவலாளி போலத் தனித்து வாழும் முதியவர், வீட்டின் அளவுகொண்டு பார்த்தால் வறியவர் அல்லர்; அடுப்பின் நிலைகொண்டு பார்த்தால் வறியவர். இந்த வேறுபாட்டை அறிந்தவர் விதானையார். ஆனால் சுட்டிகளுக்கு நிறை கொடுப்பவர் அவரல்லர்.

தொழில்சார் ஓய்வூதியங்களும் இம்மக்களைப் பெரிதும் தவறவிட்டிருக்கின்றன. கடற்றொழிலாளருக்கான பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் சட்டமானது 1990இல். தீவகக் கடல் போர்க்களமாக மாறியதும், மீன்பிடித் தடைகள் நெடுங்காலம் நீடிக்கத் தொடங்கியதும் அதே காலத்தில்தான். தவணைப்பணம் கட்டித் திட்டத்தில் சேரவேண்டிய வயதில் அகதி முகாமில் இருந்த ஒரு தலைமுறை, இன்று ஓய்வூதியம் இல்லாத முதுமையில் இருக்கிறது. இதை அத்தலைமுறையின் முன்னெச்சரிக்கைக் குறைவு என்று கொள்வது நியாயமாகாது.

உள்ளூராட்சியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் மக்களின் நலத்தையும் வசதியையும் சபைகளின் பணியாகக் குறித்துள்ளது. ஆனால் 2023 மார்ச்சில் முந்தைய சபைகளின் காலம் முடிந்து 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடைபெறும்வரை தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்கள் இருக்கவில்லை. வடமாகாண சபையோ 2018 ஒக்டோபரில் காலாவதியானதிலிருந்து ஆளுநரின் நிருவாகத்திலேயே உள்ளது. சமூக சேவை மாகாணத்தின் பொருள் என்று அரசியலமைப்பு சொல்ல, மாகாணத்தில் மக்களுக்குப் பதில்சொல்ல வேண்டிய அமைச்சர் எவரும் இல்லாத நிலை ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது.

5. வைத்தியமும் படகும்

தீவக முதியவரின் வாழ்வில் மிகுந்த நாள்களை எடுத்துக்கொள்ளும் சேவை வைத்தியம். நீரிழிவு, உயர் குருதியமுக்கம், இருதய நோய், கண்புரை ஆகியவை ஒருமுறை குணப்படுத்தி முடிப்பவை அல்ல. மாதந்தோறும் கிளினிக் போகவேண்டியவை. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் புங்குடுதீவிலும் வைத்தியசாலைகள் இருக்கின்றன. ஊர்காவற்றுறையில் ஆதார வைத்தியசாலை இருக்கிறது. சிறப்பு வைத்திய நிபுணரின் சிகிச்சைக்குப் பெரும்பாலும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையே கதி. கண்ணுக்கு ஒரு திகதி, சீனிக்கு ஒரு திகதி, எலும்பு முறிவுக்கு ஒரு திகதி எனத் தனித்தனிப் பிரிவுகள் தனித்தனித் திகதி கொடுக்கும்போது, நகரவாசிக்கு அது மூன்று அரைநாள். நெடுந்தீவு முதியவருக்கு மூன்று கடற்பயணம், துணைக்கு வருபவரின் மூன்று நாள் கூலியிழப்பு, சிலவேளை மூன்று இரவுத் தங்கல். திகதிகளை ஒரே நாளில் சேர்ப்பதற்குப் புதிய கட்டடமோ புதிய பதவியோ வேண்டியதில்லை; நோயாளியின் முகவரியைப் பார்த்துத் திகதி போடும் வழக்கம் போதும்.

அவசர நிலையில் இந்த இடைவெளி உயிரோடு விளையாடுகிறது. ‘1990 சுவசெரிய’ அம்புலன்ஸ் சேவை 2018 யூலையில் வடக்குக்கு விரிவாக்கப்பட்டது. அது தீவகத்தின் தரைவழி ஊர்களுக்குப் பேருதவி. கடலை அது கடக்காது. நெடுந்தீவிலிருந்து நோயாளரை இரவில் ஏற்றிவரக் கடற்படைப் படகுகள் உதவிவருவது பதிவான செய்தி. பகலில் ‘வடதாரகை’, ‘குமுதினி’, 2017இல் சேவைக்கு வந்த ‘நெடுந்தாரகை’ ஆகிய பயணப் படகுகளின் பெயர்கள் தீவு மக்களின் பேச்சில் வைத்தியசாலையின் பெயருக்குச் சமமாக அடிபடுவதற்குக் காரணம் உண்டு. படகு பழுதுபட்ட நாளில் கிளினிக்கும் பழுதுபட்டதாகவே பொருள். இறங்குதுறையில் அசையும் படகுக்கும் அசையாத கல்லுக்கும் இடையே காலெடுத்து வைப்பது எண்பது வயதுக்காரருக்கு மலையேற்றத்துக்கு ஒப்பானது. அந்த ஓரடி இடைவெளி போக்குவரத்துத் துறையின் பொருளா, பிரதேச சபையின் பொருளா, சுகாதாரத் துறையின் பொருளா என்று கேட்டால் மூன்று கதவுகளைத் தட்ட வேண்டியிருக்கும்.

6. ஊரார் செய்யும் ஒருங்கிணைப்பு

அரசுக்கு வெளியே தீவகத்தில் அடர்த்தியான சங்க வாழ்வு உண்டு. சனசமூக நிலையம், கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், மரணச் செலவுக்குக் கைகொடுக்கும் மரண உதவிச் சங்கம், ஆலய பரிபாலன சபை, பங்குச் சபை ஆகியவற்றில் ஒன்றிலேனும் ஒவ்வொரு வீட்டுக்கும் தொடர்பு இருக்கும். நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆலயத்தின் அன்னதான மண்டபம் ‘அமுதசுரபி’ என்னும் பெயர் தாங்கியது. மணிமேகலைக் காப்பியத்தில் பசி தீர்க்கும் அப்பெயர்ப் பாத்திரம் கிடைக்கும் மணிபல்லவத்தை நயினாதீவோடு இனங்காணும் மரபிலிருந்து வந்த பெயர் அது. பார்வையற்றோரையும் நடக்க இயலாதோரையும் பேணுவாரற்றோரையும் அழைத்து உணவூட்டுவது அக்காப்பியத்தில் காட்டப்படுகிறது என்பது நினைக்கத்தக்கது. 

புலம்பெயர்ந்தோரின் ஊர்ச்சங்கங்கள் வேறொரு வலுவைச் சேர்த்துள்ளன. பாடசாலைக் கட்டடம், கோயில் திருப்பணி, வைத்தியசாலை உபகரணம் ஆகியவற்றோடு முதியோருக்கான உலருணவும் மாதப் பணமும் அவ்வழியே வருகின்றன. இவ்வுதவியின் பெறுமதியை எவரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் எவருக்குக் கொடுப்பது என்பதை ஊரில் உள்ள ஓரிரு தொடர்பாளர்களின் நினைவே தீர்மானிக்கிறது. அதனால் ஒருவருக்கு மூன்று இடத்திலிருந்து பொதி வருவதும், உறவு குறைந்த ஒருவருக்கு எங்கிருந்தும் வராதிருப்பதும் நேர்கின்றன. ஒரு பெரிய ஊரிலிருந்து வெளியேறிய உறவினர் பலர் உள்ளவர் நினைக்கப்படுகிறார். எழுவைதீவு போன்ற சிறுதீவில் புலம்பெயர் உறவே இல்லாத குடும்பத்தவர் நினைக்கப்படுவதில்லை.

கவனிப்பின் உழைப்பு யாருடையது என்பதும் இவ்விடத்தில் பேசப்பட வேண்டும். சங்கங்களின் பதவிகளில் ஆண்கள் மிகுந்திருக்க, பக்கத்து வீட்டு முதியவருக்குக் கஞ்சி காய்ச்சுவதும் மருந்துப் பையைப் பார்த்துக் குளிசை எடுத்துக் கொடுப்பதும் படகுத்துறைவரை கைபிடித்துக் கூட்டிச் செல்வதும் பெரும்பாலும் பெண்களின் கைகளிலேயே விழுகின்றன. இந்த உழைப்பு எந்தத் திணைக்களத்தின் அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை. அது நின்றுபோனால் எல்லாத் திணைக்களங்களின் அறிக்கையும் பொய்யாகிவிடும்.

7. மூன்று விளக்கங்களும் அவற்றின் எல்லையும்

இந்நிலைமைக்குப் பொதுவாக மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. பிள்ளைகள் வெளியேறியதால் முதியோர் அநாதரவாயினர் என்பது முதலாவது. இது உண்மையின் ஒரு கூறு. ஆனால் பிள்ளைகள் உடனிருக்கும் நெடுந்தீவுக் குடும்பத்திலும் மூன்று கிளினிக்குக்கு மூன்று படகு என்னும் நிலை மாறுவதில்லை. பணமும் ஆளணியும் போதாமை இரண்டாவது. இதுவும் உண்மை, ஆயினும் ஒரே முதியவரைப் பல உத்தியோகத்தர்கள் வெவ்வேறு படிவத்தில் பதிந்துகொண்டிருக்க, படுக்கையில் இருப்பவரை எவரும் பதியாதிருப்பதைப் பணப் பற்றாக்குறையால் மட்டும் விளக்கிவிட முடியாது. மத்திய அரசுக்கும் மாகாணத்துக்கும் இடையிலான அதிகாரப் பிளவு மூன்றாவது. மூன்றிலும் இதுவே வலுவான விளக்கம். எனினும் முழு அதிகாரப் பகிர்வு வரும்வரை எதுவும் செய்ய இயலாது என்னும் முடிவுக்கு இது இட்டுச்செல்லும்போது, இன்றைய முதியவருக்கு அது உதவாது.

வெளிநாட்டு முன்மாதிரிகளை எடுத்துக்காட்டுவது வழக்கம். ஜப்பானில் 2000இல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதி வந்தது. 2006 முதல் உருவான பிரதேச முழுமை ஆதரவு நிலையங்களில் பொதுச் சுகாதாரத் தாதியும் சமூகப் பணியாளரும் பராமரிப்பு முகாமையாளரும் ஒன்றாக அமர்ந்து ஒரே ஆளின் தேவையைப் பார்க்கிறார்கள். கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்புப் பராமரிப்பு இயக்கம், 2008இல் மாநிலக் கொள்கையாகி, ஊராட்சிகளின் பொறுப்பில் தாதியர் வீடு தேடிச் செல்லும் ஏற்பாடாக விரிந்தது. இரண்டாவது தீவகத்துக்கு நெருக்கமானது; அங்கே ஊராரின் தொண்டும் ஊராட்சியின் பணமும் ஒரே பட்டியலைப் பார்க்கின்றன.

ஆனால் மிக அருகிலுள்ள முன்மாதிரி இலங்கையிலேயே இருக்கிறது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையிலிருந்து வளர்ந்த தாய்சேய் நலச் சேவை, ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பெயர்குறித்த ஒரு குடும்பநல உத்தியோகத்தரைப் பொறுப்பாக்கியது. அவர் பதிவேடு வைத்திருக்கிறார். வீடு தேடிப் போகிறார். தவறிய கிளினிக்கை நினைவூட்டுகிறார். ஆபத்தின் அறிகுறி கண்டால் மேலே அனுப்புகிறார். ஏழைநாடு ஒன்று தாய்மரணத்தைக் குறைத்து உலகின் கவனத்தைப் பெற்றது இந்த எளிய ஒழுங்கினால்தான். போர்க்காலத் தீவகத்திலும் மக்கள் மதித்த சேவை அது. வாழ்வின் தொடக்கத்தில் ஆள்மட்ட ஒருங்கிணைப்பைச் செய்துகாட்டிய அரசு, வாழ்வின் முடிவில் அதே ஒழுங்கைச் செய்யாதிருப்பதற்கு இயலாமையைக் காரணமாகச் சொல்ல முடியாது.

தீவகத்தில் அத்தகைய ஒழுங்கை ஏற்கத்தக்க இடம் பிரதேச செயலகம். மத்திய, மாகாண அலுவலர்கள் இருவரும் ஏற்கெனவே அமர்ந்திருக்கும் ஒரே கூரை அது. கிராம அலுவலர் பிரிவுதோறும் ஒரு முதியோர் பதிவேடு, அதில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பொறுப்பான ஓர் உத்தியோகத்தரின் பெயர், சுகாதாரப் பணிமனையும் பிரதேச சபையும் முதியவரின் சம்மதத்தோடு பார்க்கக்கூடிய ஏற்பாடு, ஊர்ச்சங்கங்களின் உதவியும் அதே பதிவேட்டின் வழியே செல்லும் நடைமுறை என்பனவே தேவை. நயினாதீவுக்கும் அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் செயலகமே மாதத்தில் ஒரு குறித்த நாளில் படகேறிச் செல்ல வேண்டும். இப்போது எப்போதாவது நடைபெறும் ‘நடமாடும் சேவை’ அந்நாளில் வைத்தியரும் அஞ்சல் அலுவலரும் சமூக சேவை உத்தியோகத்தரும் சேர்ந்து செல்லும் நிலையான ஒழுங்காக வேண்டும்.

நெடுந்தீவில் கிராம அலுவலர் பிரிவுகள் ஆறு. வாழ்வோர் ஏறத்தாழ 4,000 பேர். 65 வயதைக் கடந்தோரின் தேசிய விகிதத்தை அப்படியே பொருத்திப் பார்த்தால், அத்தீவின் பதிவேட்டில் எழுதப்பட வேண்டிய பெயர்கள் ஏறத்தாழ 500.